மீதி இருநூற்று ஐம்பத்தைந்து

வந்தது ஒரே ஒரு பொட்டலம்.
தலைப்பில் 'ஒன்று' என்றுதான் இருந்தது
இரண்டு பைட்டில்,
சின்னது முன்னால், பெரியது பின்னால்:
ஒன்று, சுழியம்.

தெம்பனிஸில் வங்கியின் பழைய இயந்திரம்
பெரியதை முதலில் படிக்கும் பரம்பரை.
தலையெழுத்தைத் திருப்பி வாசித்தது.
இருநூற்று ஐம்பத்தாறு.
வந்த ஒன்றை ஓரமாக வைத்துவிட்டு
மீதி இருநூற்று ஐம்பத்தைந்துக்காகக்
காத்திருந்தது.

யாரும் அனுப்பாதவை.
பதிவேட்டில் பிழை என்று ஒரு வரியும் இல்லை.
காத்திருப்பது பிழையல்லவே.

இரவு ஒன்றரை. தை செங், ஏழாம் தளம்.
குளிரூட்டி எங்களுக்காக அல்ல, இயந்திரங்களுக்காக;
ஃபைருஸ் மழைச்சட்டையைப் போர்த்திக்கொண்டு
நினைவகத்தைப் பதினாறு பதினாறாகப்
படித்துக்கொண்டிருந்தான்.

இல்லாத வலையட்டைக்கு
இயக்கி எழுதியவள் நான்.
கம்பி கிடையாது, துளை கிடையாது, விளக்கு கிடையாது.
இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட சொல் மட்டுமே
அந்த அட்டை.
அந்தச் சொல்லில் ஒன்றை நான் விட்டிருந்தேன்:
'உன் வழக்கத்துக்கு மாற்றிப் படி.'

என் மடிக்கணினியில் அது தெரியவே தெரியாது.
அங்கே சின்னது முதலில் என்பதே தாய்வழக்கம்.
மாற்று என்று எழுதினாலும்
எழுதாமல் விட்டாலும்
எண் அசையாது.
ஆறு மாதம், நாலாயிரம் சோதனை, எல்லாம் பச்சை.
சொந்த ஊரில்
யாருக்கும் உச்சரிப்பு கிடையாது.

இரண்டு மணிக்குப் பொறுமையிழந்து
எல்லாவற்றையும் திருப்பிப் போட்டேன்.
443ஆம் கதவைத் தட்ட வேண்டியது
47873ஐத் தட்டிவிட்டு
யாரும் திறக்காமல் செத்துப்போனது.
உள்ளே இருப்பது வேறு சட்டம்:
பெரியது முதலில்,
இந்த இணையமெங்கும் அப்படித்தான்.
மேலே ஒட்டிய சீட்டு மட்டுமே சின்னது முதலில்.
கடிதத்தைத் தொடாதே, உறையைத் திருப்பு.

'உன் மொழியில் எது முன்னால்?' என்றாள்
குவா சிங் யீ.
ரசீதின் பின்புறம் என் பெயரின்
முதல் எழுத்தைப் போட்டுக் காட்டினேன்: பொ.
இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால்,
நடுவே ப.
கை கொம்பில் தொடங்கும்.
வாய் ப்-இல் தொடங்கும்.
கணினியோ ப-வை முன்னால் வைத்துக்
கொம்பையும் காலையும் ஒரே எண்ணாக
அதன் பின்னால் சேமிக்கும்.
'அப்புறம் எப்படிப் படிக்கிறீர்கள்?'
தெரிந்துதான்.
வேறென்ன சொல்வது.

போன மாதம் பலதுறை மருந்தகத்தில்
'தெய்வசிகாமணி' என்று கூப்பிட்டார்கள்.
அப்பா ஆம்பூரில் தோல்கிடங்குக் கணக்கை
எழுதிக்கொண்டிருந்திருப்பார்.
எழுந்து நின்றது நான்.
என் ரத்த அழுத்தம்
அவர் பெயரில் ஏறியிருந்தது.
சிங் யீக்குக் குடும்பப்பெயர் முன்னால்.
ஃபைருஸுக்குத் தன் பெயர், பின், தந்தை பெயர்.
படிவத்துக்கு மட்டும்
ஒரே வரிசைதான் தெரியும்,
அது எது என்று அதில் எழுதவில்லை.

எண்ணுக்கும் தன் திசை தெரியாது.
ஆகவே எழுதி வைத்தேன்,
இனி இந்தப் புலம் சின்னது முதலில்
என்று அதன் வகையிலேயே.
வேறெதனோடும் கலந்தால்
தொகுப்பான் கத்தும்.
கத்தட்டும். நான்தான் கத்தாமல் விட்டேன்.

நாலே முக்காலுக்கு
வங்கி இயந்திரம் 'ஒன்று' என்று படித்தது.
அடுத்தது. அடுத்தது.
எண்கள் வழிந்தோடத் தொடங்கின.
அதுவரை காத்திருந்ததைப் பற்றி
அது ஒன்றும் கேட்கவில்லை.

கீழே இரவெல்லாம் திறந்திருக்கும் கடையில்
சிங் யீ எங்கள் மூவரையும் சுட்டி
ஒரு விரலைக் காட்டினாள்,
ஆளுக்கு ஒன்று என்ற பொருளில்.
கடைக்காரர் தலையசைத்துப் போய்
ஒரே ஒரு கோப்பி கொண்டுவந்து வைத்தார்.

ஆவி பறந்தது.
யாரும் தொடவில்லை.
மீதி இரண்டுக்காகக்
காத்திருந்தோம்.